நான் காப்பி என்று எழுதிய பக்கம்

காமிக்ஸ் இதழ்களின் வாசகர் பகுதியில் என் கடிதங்கள் பதினேழு வந்திருக்கின்றன. பதினாறை வெட்டி ஒரு ஃபைலில் ஒட்டி வைத்திருக்கிறேன். பதினேழாவதை வெட்டவில்லை. அதில் என் பெயர் இருக்காது. 'பெயர் வெளியிட விரும்பாத வாசகர்' என்று போடச் சொல்லி நானேதான் எழுதியிருந்தேன். ஒரு கடிதம் எழுதும்போதே பெயரை மறைக்கத் தோன்றுகிறது என்றால் அதை எழுதாமலே இருந்திருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது.

அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். டவுன்ஷிப்பில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஊர்த் தமிழ் பேசுவார்கள். பிள்ளைகள் எல்லோரும் எஞ்சினியருக்கோ டாக்டருக்கோ படித்துக்கொண்டிருப்பார்கள். நான் இரண்டுக்கும் மார்க் வாங்காமல் செங்கல்பட்டில் கல்லூரியில் சேர்ந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும், மடியில் காமிக்ஸ் விரிந்துவிடும். "பொம்பளப் பிள்ள படிக்கிற புஸ்தகமா இது?" என்று அம்மா கேட்பாள். பறக்கிறவர்களும் சுவரில் நடக்கிறவர்களும் ஆணுக்குத்தான் சொந்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் தமிழில் வெளிநாட்டு சூப்பர் ஹீரோக்களைக் கொண்டுவந்த கம்பெனிகளில் நாங்கள் பேசிக்கொண்டது இரண்டைப் பற்றித்தான். பழைய கம்பெனி, புதுக் கம்பெனி. இரண்டும் சென்னையில்தான். பழைய கம்பெனியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் ஏதோ மனத்தாங்கலில் வெளியே வந்து ஆரம்பித்தது புதுக் கம்பெனி. பழையவர்கள் பழுப்புத் தாளில், கறுப்பு வெள்ளையில், அடக்கமான பழைய கதைகளைப் போட்டார்கள். புதியவர்கள் வழுவழு அட்டையில் அப்போதைய புதுக் கதைகளைப் போட்டார்கள். தோளில் இரும்பு, இடுப்பில் இருபது பை, கையில் துப்பாக்கி, எந்நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் ஹீரோக்கள். ஒரு இதழில் சாவார்கள், ஆறு மாதத்தில் திரும்பி வருவார்கள். இரண்டு கம்பெனிகளின் ஆசிரியர் பக்கங்களும் ஒன்றையொன்று பெயர் சொல்லாமல் குத்திக்கொண்டிருக்கும். 'நேற்று முளைத்தவர்கள்' என்று ஒன்று எழுதினால், 'பழுப்புத் தாளைப் போலவே பழுத்துப்போனவர்கள்' என்று மற்றது எழுதும். வாசகர்கள் நாங்களும் இரண்டாகப் பிரிந்து நின்றோம்.

நான் பழைய கம்பெனி. சும்மா இல்லை, தீவிரம். சூப்பர் ஹீரோவுக்கு எத்தனை சக்தி வேண்டுமானாலும் கொடு, ஆனால் அவனால் முடியாதது ஒன்று இருக்க வேண்டும், அந்த ஒன்றுதான் கதை என்பது என் கட்சி. அதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு நான் அதைச் சொன்ன விதம் வேறு. புதுக் கம்பெனியின் ஒவ்வொரு இதழையும் வாங்கி, தப்புகளைப் பென்சிலால் சுழித்து, பழைய கம்பெனிக்குக் கடிதம் எழுதுவேன். அவர்களும் மகிழ்ச்சியாக அச்சிடுவார்கள். எங்கோ திருப்பூரிலிருந்து ஒரு வாசகர், 'கல்பாக்கம் சகோதரியின் கூர்மையான பார்வை' என்று என்னைப் பாராட்டி எழுதியிருந்தார். அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு புத்தகக் கடை. வார இதழ்கள், ஜோசியம், போட்டித் தேர்வு, ஒரு கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கும் காமிக்ஸ். கடைக்காரர் மாதம் இரண்டு பிரதிதான் எடுப்பார். ஒன்று எனக்கு. மற்றொன்று யாருக்கு என்று ஒருநாள் தெரிந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர், விரலெல்லாம் எனாமல் பெயிண்டோடு, கடை வாசலிலேயே நின்று புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷமாக ஒரே பக்கம்.

படாளத்துப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். வீட்டில் விவசாயம். இவருக்கு மட்டும் மண்ணில் கை ஓடவில்லை. செங்கல்பட்டில் நம்பர் பிளேட்டும் கடை போர்டும் எழுதும் ஒரு கடையில் வேலை பார்த்தார். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். "இன்னா ஊரும்மா உனுக்கு, அண்ணே நொண்ணேன்னுகினு" என்று சிரிப்பார். புது இதழ் வரும் நாட்களில் கடை வாசலில் எங்களுக்குள் சண்டை நடக்கும். கடைக்காரர் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"செத்தவன் திரும்ப வந்துகிறான், அதுக்கா இவ்ளோ கோவம்?"

"செத்தா செத்ததுதாண்ணே. திரும்பி வந்தா, நாம அழுததுக்கு என்ன மரியாதை?"

"நீ அழுதியா?"

"ஆமா."

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த இதழை என் பக்கம் திருப்பி, "கதய வுடு. இந்தக் கைய பாரு. எலும்பு எங்க கீது, நரம்பு எங்க ஓடுது, அல்லாம் தெரிஞ்சி போட்டுகிறான். உன் பழைய கம்பெனிக்காரன் ஆளுங்க கையி தோசக் கரண்டியாட்டம் கீது" என்றார்.

அவர் புதுக் கம்பெனி. காரணம் படங்கள் மட்டும்தான். கதையைப் பற்றி அவருக்கு அபிப்பிராயமே கிடையாது. எனக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேசிப் பேசித்தான் எனக்கு ஒரு படக் கட்டத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்க்கும் பழக்கமே வந்தது. அவரிடம் கற்றதை வைத்துத்தான் பிற்பாடு அவரையே அடித்தேன்.

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் படித்து முடித்த புத்தகங்களை வாங்கி விற்கும் கடை ஒன்று இருந்தது. எல்லா மொழியிலும் இருக்கும். அப்பாவோடு போனபோது அங்கே ஒரு ஜெர்மன் காமிக்ஸ் கிடைத்தது. பெரிய அளவு, கெட்டி அட்டை, முழுக்க வண்ணம். ஒரு எழுத்தும் புரியாது. முகமூடி போட்ட ஒருவன் ஒரு துறைமுக நகரத்தில் கூரை கூரையாகத் தாவுகிறான், நிற்கிறான், கடலில் குதிக்கிறான். ஒருமுறை புரட்டிவிட்டு நேரே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையைப் பேண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். "இத்த வெச்சிக்கினு தரட்டா? அவசரம் இல்லியே?" என்றார். ஒன்றும் அவசரமில்லை என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதம் அவரைக் கடைப் பக்கம் காணோம். அதே சமயத்தில் புதுக் கம்பெனி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. இனி மொழிபெயர்ப்பு மட்டுமில்லை, தமிழுக்கென்றே சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோ. எங்கள் அணியில் ஒரே கேலி. நானும் ஒரு கடிதம் எழுதினேன். 'வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறப்பாரா?' என்று. அது என் பதினாறாவது கடிதம். அதை வெட்டி வைத்திருக்கிறேன்.

முதல் இதழ் வந்த அன்று அவர் கடை வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. கம்பியிலிருந்து எடுக்காமல் தன் பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து நீட்டினார். "நீ வாங்காத. இது உனுக்கு" என்றார்.

புரட்டினேன். கடற்கரையோர உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவன். கடல் தண்ணீரில் கரைந்து போய் வேறொரு கரையில் உப்பாகத் திரண்டு எழுவான். மழையில் அவனால் ஒன்றும் முடியாது. கைலியும் தலையில் முண்டாசும் கட்டியிருந்தான். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் தூண்டில் முள் வரைந்திருந்தது. அவர் எழுதும் கடை போர்டுகளின் மூலையில் எல்லாம் அந்த முள் இருக்கும். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"நீங்களா?"

"பின்ன? அச்சுல வந்தப்பறம் காட்டலாம்னு வாய மூடிகினு இருந்தேன். வூட்ல கூட சொல்லல. சொல்லு, எப்டி கீது?"

நல்லா இருக்குண்ணே என்றேன். ரொம்ப நல்லா இருக்கு என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்த இதழை மடியில் விரிக்காமல் பைக்குள் திணித்தேன். என்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தக் கேலிக் கடிதத்தை அவர் படித்திருப்பார், படித்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இன்னொரு கோபம். அடியில் இருந்தது பொறாமைதான். நானும் அவரும் ஒரே கடை வாசலில் நின்ற வாசகர்கள். அவர் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டார். அதிலும் அந்த உப்பளக்காரன் மழையில் ஒன்றும் செய்ய முடியாதவன். சக்திக்கு ஒரு எல்லை வேண்டும் என்று நான் கடை வாசலில் தொண்டை கிழியப் பேசியதை, கதையே பிடிக்காத இந்த மனிதர் கேட்டுக்கொண்டுபோய் கதை எழுதுகிறவரிடம் சொல்லியிருக்கிறார். அதை நான் பெருமையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். திருட்டாக எடுத்துக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் எனக்கு ஒரு கட்டம் மட்டும் கண்ணில் நின்றது. முழுப் பக்க அளவில், பாலத்தின் மேலிருந்து அவன் தண்ணீரில் குதிக்கும் படம். இதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. ஜெர்மன் புத்தகம். அதிலும் ஒருவன் கடலில் குதிக்கிறான். ஒருமுறை புரட்டிய ஞாபகம்தான். புத்தகம் அவரிடம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் கேட்டு வாங்கியிருக்கலாம். அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை. சரியாகச் சொன்னால், பார்த்து இல்லையென்று ஆகிவிட்டால் எழுத முடியாதே என்று பயம்.

வீட்டுக்குப் போனதும் எழுதினேன். புதுக் கம்பெனியின் சொந்தச் சரக்கு சொந்தச் சரக்கே இல்லை, பாலத்திலிருந்து குதிக்கும் அந்தப் பக்கம் ஒரு ஜெர்மன் புத்தகத்தின் காப்பி என்று எழுதினேன். நியாயமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு பாராட்டும் சேர்த்தேன். மூன்றாம் பக்கத்தில் கூரை மேல் நின்று ஊரைப் பார்க்கும் படத்தில் மட்டும் ஓவியரின் சொந்தக் கை தெரிகிறது, அந்த வழியில் போனால் அவர் தேறுவார் என்று எழுதினேன். தேறுவார்! எனக்கு வயது பத்தொன்பது.

பழைய கம்பெனி அதைத் தனிக் கட்டம் கட்டி அச்சிட்டது. பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தது. அதற்குக் கீழே ஆசிரியர் தன் பங்குக்கு நாலு வரி எழுதியிருந்தார். அவர்கள் என்னிடம் எந்த ஆதாரமும் கேட்கவில்லை. எதிராளியை அடிக்க ஒரு கல் கிடைத்தது, எடுத்து வீசினார்கள்.

அச்சில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெயரை மறைத்தேனே தவிர, ஜெர்மன் புத்தகம் என்று எழுதிவிட்டேன். செங்கல்பட்டு சுற்றுவட்டாரத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்.

அடுத்த வாரம் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கொடுத்தார். "அவுரு குட்துட்டுப் போனாரும்மா. உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு" என்றார்.

"வேற எதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. இந்த மாசத்து புக்கையும் வாங்கல. இன்னா, ரெண்டு பேருக்கும் எதுனா பேஜாரா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நூல் கட்டு அப்படியே இருக்க, பரணில் பழைய பாடப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். பிரித்து ஒரு பக்கம் பார்த்திருந்தால் போதும். நான் சொன்னது சரியா தப்பா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வருஷம் நான் அதைச் செய்யவில்லை.

உப்பளக்காரனின் மூன்றாவது இதழை வேறு யாரோ வரைந்திருந்தார்கள். தூண்டில் முள் இல்லை. நாலாவது வரவில்லை. புதுக் கம்பெனியே அடுத்த வருஷம் மூடிவிட்டது. அதற்கு வேறு எத்தனையோ காரணம் இருந்திருக்கும், அதை முழுக்க என் தலையில் போட்டுக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த முள் காணாமல் போனதற்கு நான்தான் காரணம். போர்டு எழுதும் கடைப் பக்கம் ஒருதடவை போனேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். உள்ளே அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு லாரியின் நம்பர் பிளேட்டை எழுதிக்கொண்டிருந்தார். சாலையைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. அதன் பிறகு கல்லூரி முடிகிறவரை பஸ் ஸ்டாண்டுக்கு அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். கடிதம் எழுதுவதையும் நிறுத்திவிட்டேன்.

பிறகு வேலை கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று. கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கினோம். ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருக்கும் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு இணையத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் பெருகினார்கள். அதில் பழைய காமிக்ஸ் பிரியர்களுக்கென்று ஒரு குழு. சாப்பாட்டு நேரத்தில் அதைப் படிப்பேன், எழுத மாட்டேன். அங்கேயும் அதே சண்டைதான். இப்போது பேச்சு நேராக அமெரிக்காவின் இரண்டு பெரிய கம்பெனிகளைப் பற்றி. ஒன்றின் ஹீரோக்கள் கடவுள்கள், மற்றதின் ஹீரோக்கள் வாடகை கட்ட முடியாத மனிதர்கள், எது உசத்தி என்று. புதுக் கதைகளில் எல்லோருக்கும் எல்லோரோடும் சண்டை, ஒரு நிகழ்வைப் புரிந்துகொள்ள முப்பது புத்தகம் வாங்க வேண்டும், அட்டை மட்டும் மாற்றி ஒரே இதழை ஐந்து தரம் விற்கிறார்கள். எனக்கு இதில் எல்லாம் அபிப்பிராயம் உண்டு. விரல் கீபோர்டு வரை போகும். அந்த ஒரு கடிதம் ஞாபகம் வரும். எடுத்துவிடுவேன்.

ஒருநாள் மதியம் அந்தக் குழுவில் ஒருவர் உப்பளக்காரனின் முதல் இதழை ஸ்கேன் செய்து போட்டிருந்தார். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். பாலத்திலிருந்து குதிக்கும் அந்தப் பக்கம் திரை முழுக்க விரிந்தது. 'இப்படி ஒரு ஓவியர் தமிழில் இருந்தாரா, யார் இவர்?' என்று இளைஞர்கள் கேட்டார்கள். ஐந்தாவதாக ஒருவர் எழுதியிருந்தார்: 'ரொம்ப ஏமாற வேண்டாம். இது ஜெர்மன் காப்பி. அப்போதே ஒரு வாசகர் கண்டுபிடித்து எழுதினார்.' அதோடு என் கடிதத்தையும் ஸ்கேன் செய்து போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒற்றை வரிப் பதில்கள். 'அப்படியா, சே.' 'நினைத்தேன்.' 'நம்மாட்களுக்கு இது ஒரு வியாதி.'

அந்த வாரக் கடைசியில் கல்பாக்கம் போய் அப்பா வீட்டுப் பரணில் ஏறினேன். நூலை அறுத்தேன். ஸ்கேனை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டிலும் ஒருவன் தண்ணீரில் குதிக்கிறான். அவ்வளவுதான் ஒற்றுமை. ஜெர்மன்காரன் அம்பு மாதிரி, கையை நீட்டி, தலைகீழாகப் போகிறான். முகம் தெரியாது. உப்பளக்காரன் கால் இரண்டையும் மடக்கி, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, கைலி காற்றில் குடையாக விரிய, சிரித்துக்கொண்டு விழுகிறான். எந்த ஜெர்மன்காரனும் அப்படி விழ மாட்டான்.

பிறகு ஜெர்மன் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனபோது கூரை மேல் நிற்கும் ஒருவன் வந்தான். இடுப்பில் கை, ஒரு கால் முன்னால், தலை லேசாகத் திரும்பி. நான் 'சொந்தக் கை' என்று பாராட்டிய மூன்றாம் பக்கம். முகமூடியை எடுத்துவிட்டு முண்டாசு கட்டியதைத் தவிர, கோடு கோடாக அதே படம்.

அம்மா வந்து, "என்னடி, தரையில உக்காந்து அழுதுட்டு இருக்கே?" என்றாள். அப்போதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

புத்தகக் கடைக்காரர் அதே இடத்தில் இருந்தார். அவரிடம் கேட்டு, படாளம் கூட்டு ரோட்டில் அண்ணன் ஃப்ளெக்ஸ் போர்டு கடை வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெரிய பிரிண்டர், சுவர் முழுக்கக் காதுகுத்து, கல்யாண பேனர்களின் மாதிரிகள். அவருக்குத் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. விரல்களில் பெயிண்ட் இல்லை. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார். பிறகு, "வா" என்றார். நாற்காலியைக் காட்டினார்.

நான் பையிலிருந்து ஜெர்மன் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்தது எல்லாம் போய்விட்டது.

"அந்தக் கடிதம் நான்தாண்ணே எழுதினேன்."

"தெரியும்."

"தப்பா எழுதிட்டேன். இப்பத்தான் பாத்தேன். இத்தன வருஷம் பிரிச்சே பாக்கல."

அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. அட்டை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "முட்டுக்காட்டு பாலத்தாண்ட போயி ஒரு மாசம் ஒக்காந்தேன். லீவு நாள்ல. பசங்க மேலேந்து தண்ணில குதிப்பானுங்க பாரு, மூக்கப் புட்சிக்கினு. அத்தப் பாத்துப் பாத்துப் போட்டது. நாப்பது தபா கிழிச்சிருப்பேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. யாரோ இன்னொருவரைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

"கூரை மேல நிக்கற படம்..."

"அதான் இதுலேந்து எட்த்தது. டைம் இல்ல. நாளிக்கி காலைல குடுக்கணும்னாங்க. பாத்துப் போட்டுட்டேன். நீ அத்தப் போயி சொந்தக் கைன்னு எழுதிட்ட." கொஞ்சம் சிரித்தார். "கம்பெனில கூப்ட்டுக் கேட்டாங்க. இத்தப் பாத்து வரஞ்சியான்னு. நான் இன்னான்னு சொல்றது? குதிக்கற படம் இல்லன்னு சொன்னா, அப்ப எதுன்னு கேப்பாங்க. பொய் சொல்ல வாய் வரல. பேசாம நின்னேன். போதும்ட்டாங்க."

மன்னிச்சுருங்கண்ணே என்றேன். அந்த வார்த்தை அங்கே எவ்வளவு சின்னதாக இருந்தது என்பது எனக்கே கேட்டது.

"அதுக்கப்பறம் வரய ஒக்காந்தா, எத்தப் போட்டாலும் எங்கியோ பாத்தத போடற மாரியே கீது. நெஜமா காப்பியா, இல்லியான்னு எனக்கே தெரியல. வுட்டுட்டேன்." பிரிண்டரின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். "காப்பின்னு எழுதனது கூட சர்தாம்மா. நல்லா இருக்குன்னு என் மூஞ்சப் பாத்து சொல்லிட்டுப் போன பாரு. அத்தத்தான் என்னால மறக்க முடில."

 

குழுவில் நடப்பதைச் சொல்லி, உண்மையை என் பெயரோடு எழுதப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். கொஞ்சம் அப்படிச் சொல்லவேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் யோசித்துவிட்டு, "எழுதறதுன்னா முழுசா எழுது. கூரைப் படம் காப்பின்னும் எழுது. நல்லதா மட்டும் எழுதாத" என்றார்.

எழுதினேன். இரண்டு புத்தகங்களின் பக்கங்களையும் அருகருகே போட்டு, நான் எழுதிய பொய், அதை எழுதியபோது எனக்கு இருந்த பொறாமை, பிரிக்காத பொட்டலம், எல்லாவற்றையும் எழுதினேன். என்னைத் திட்டி இருபது முப்பது பேர் எழுதினார்கள். அது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது, அந்த லேசும் பிடிக்கவில்லை. சிலர் என் 'நேர்மை'யைப் பாராட்டினார்கள். அதைப் படிக்க முடியவில்லை. பழைய கம்பெனி அபிமானி ஒருவர், 'எப்படியோ ஒரு படம் காப்பிதானே' என்றார். அதன் மேல் இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் வெளிநாட்டுச் சினிமா ஒன்றில் ஹீரோவின் உடுப்பு நிறம் மாறியதைப் பற்றிய பேச்சு வந்தது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

உப்பளக்காரன் குதிக்கும் பக்கத்தைப் பற்றி வந்த பதில்களை மட்டும் அச்செடுத்து எடுத்துக்கொண்டு மறுபடி படாளம் போனேன். அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டின் புது இதழ்களும் கையில் இருந்தன, ஆபீஸில் ஒருவர் வெளிநாடு போய்வந்தபோது வாங்கிவரச் சொன்னவை. அண்ணன் முதலில் பதில்களைப் படித்தார். மெதுவாக, உதட்டை அசைத்து. முடித்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு புது இதழ்களைப் புரட்டினார், அதே மாதிரி கண்ணுக்கு மிக அருகில் வைத்து.

"கலரு சூப்பரு. அல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுகிறான். ஆனா மூஞ்சிங்க அல்லாம் போட்டோவப் பாத்துப் போட்டது. தோ பாரு, ஒரே பொம்பளதான் நாலு பக்கத்துல வேற வேற ஆளா வந்துகினு கீறா."

நான் பார்த்தேன். எனக்கு அப்படித் தெரியவில்லை. இந்தத் தடவை தெரிகிறது என்று சொல்லவில்லை.

"எனக்குத் தெரியலண்ணே" என்றேன்.

அதற்குள் மஞ்சள் நீராட்டு விழா பேனருக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டது. பெண்ணின் போட்டோவை வாங்கி ஸ்கேனரில் வைத்தார். தலைக்குப் பின்னால் மயில் தோகை வேண்டுமா, தாமரை வேண்டுமா என்று கேட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.